ஊசி மிதக்க வேண்டும்

ஊசி மூழ்கிவிட்டது.

வீட்டில் நூறு முறை மிதந்த ஊசிதான். இன்றைக்குப் பார்த்து, அறிவியல் கண்காட்சி நடுவர் குனிந்து நிற்கும்போது, கிண்ணத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பக்கத்து மேசையில் களுக்கென்று சிரித்தார்கள்.

கிண்ணத்துக்குப் பின்னால் நின்ற சிறுமி அதை எடுத்துத் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தண்ணீர்மேல் வைத்தாள்.

பாழாய்ப்போன ஊசி! மறுபடியும் மூழ்கியது.

நடுவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். மாவட்டப் போட்டிக்கு இந்தப் பள்ளியிலிருந்து ஒருவருக்குத்தான் இடம்.

விரல் வழவழத்தது. மோந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை.

சோப்பு!

அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவள். ஒரு மணி நேரம் லீவு கேட்டுக்கொண்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "பெரிய மனுசங்க பாக்குற கிண்ணம், இப்படியா வைப்ப?" என்று காலிக் கிண்ணத்தை ஈர முந்தானையால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் இவள் தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது அம்மா வாசலோரம் நிற்கிறாள். முகமெல்லாம் பல்.

"ஏம்மா மூழ்குச்சு?" என்றார் நடுவர்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் அம்மா தலை குனிவாள்.

"இது சோப்புத் தண்ணி சார். சோப்பு பட்டா தண்ணியோட தோலு தளந்துடும், ஊசியத் தாங்காது. மொதல்ல அதத்தான் காட்டினேன்."

"அப்ப நல்ல தண்ணியில மிதக்கணுமே?"

"மிதக்கும் சார்."

வாய்தான் சொன்னது. கண் வாசலோரம் இருந்த குடிதண்ணீர்ப் பானைக்குப் போனது.

"அம்மா, அந்தக் குடிதண்ணிய டம்ளர்ல மொண்டு கொண்டா. கழுவாத!"

கழுவாத பாத்திரத்தை அம்மா இதுவரை யாருக்கும் நீட்டியதில்லை. தயங்கித் தயங்கித்தான் கொண்டுவந்தாள். மேசையருகே வந்ததும், டம்ளரின் விளிம்பைத் துடைக்க அவள் கை தானாக முந்தானையை எடுத்தது.

"வேணாம்மா."

அம்மா நின்றாள். மகளைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். முந்தானை நுனியை மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள்.

பிறகு அதை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, டம்ளரை மேசையில் வைத்தாள்.

மகள் விரல்களைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். ஊசியைத் தன் எண்ணெய்த் தலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். டம்ளர் தண்ணீர்மேல் படுக்க வைத்து, விரலை எடுத்தாள்.

நடுவர் குனிந்தார். பக்கத்து மேசை எட்டிப் பார்த்தது.

அம்மா மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"மிதக்குதாடி?"

"கண்ணத் தொறந்து பாரும்மா."