கரடி அத்தையின் மூக்கு

கரடி அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. மூக்கு மட்டும் படு கூர்மை. மகள் அனுப்பிவைத்த டேப்லெட்டில் வரும் சேதிகளை அண்ணன் மகன்தான் படித்துச் சொல்வான். “உங்க நகம் பட்டா கண்ணாடி கீறிடும்” என்று அவளைத் தொடவே விடமாட்டான். தினமும் ஒரே பதில்தான்: “விசேஷம் ஒண்ணுமில்லை அத்தை.”

ஒருநாள் அவன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அத்தை மூக்காலேயே இரண்டு தட்டுத் தட்டினாள். எழுத்தெல்லாம் பலாச்சுளை அளவுக்குப் பெரிதானது. நிதானமாகப் படித்து முடித்தாள்.

திரும்பி வந்தவன் பதறிப்போனான். “எழுத்தை இவ்வளவு பெருசா வச்சா போறவங்க வர்றவங்க எல்லாம் படிச்சிடுவாங்களே, அத்தை!”

“படிக்கட்டுமே. ‘அனுப்பின தேன் வந்துச்சாம்மா’ன்னு என் பொண்ணு மூணு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கா. நீ முதல்ல வாயைத் துடை.”