வெறுங்கால்

தோல் பதனிடும் ஆலைக் கழிவு ஊறிப்போன அந்தப் பாலாற்றங்கரை நிலத்தில் ஒன்பது வருடங்களாகக் கனோலாக் கடுகு மட்டுமே விளைந்தது. மண்ணிலிருக்கும் நஞ்சை அதன் வேர் உறிஞ்சிக்கொள்ளும். அறுத்த செடிகளை மூடிய வண்டி வந்து அள்ளிப்போகும். அந்த விதையின் எண்ணெயில்தான் வண்டியும் ஓடியது. அதன் கீரையைக் கிள்ளக் கூடாது. வெறுங்காலோடு நிலத்தில் இறங்கக் கூடாது. எட்டு வயது நிறைமதி நடை பழகியதே ரப்பர் பூட்ஸில்தான்.

இன்று காலை அவள் அப்பா தணிகாசலத்தின் கைப்பேசிக்கு மண் பரிசோதனை முடிவு வந்தது: மண் சுத்தம். மனைவி ரேணுகாவிடம் காட்டினான். பிறகு ரேணுகா மகளை வரப்பில் உட்காரவைத்துப் பூட்ஸைக் கழற்றப் போனாள். நிறைமதி காலை இழுத்துக்கொண்டு வீறிட்டாள்.

"வேணாம்மா! தோல் உரிஞ்சிடும்னு நீதான சொன்ன!"

"அது அப்போடி. இப்ப நல்லா கீது."

"பொய் சொல்ற."

ரேணுகா பூட்ஸிலிருந்து கையை எடுத்தாள்.

தணிகாசலம் தன் பூட்ஸைக் கழற்றினான். பாதங்கள் வெளுத்துக் கிடந்தன. வரப்பிலிருந்து நாலடி உள்ளே போய் நின்றான்.

"வலிக்குதாப்பா?"

"அறுத்த கட்ட குத்துது. மண்ணு ஜில்லுனு கீது."

நிறைமதி அவன் கால்களையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒற்றைப் பூட்ஸை மட்டும் கழற்றினாள்.

"தூக்குன்னு சொன்னா ஒடனே தூக்கிடணும், இன்னா?"

"சரி."

"மொதல்ல கையை நீட்டு."

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு காலைக் கீழே வைத்தாள். தூக்கச் சொல்லவில்லை.