மூன்றாவது விதி

"கதவைச் சாத்துங்க! சாத்துங்க!"

மூச்சிரைக்க உள்ளே வந்து விழுந்த லீலண்ட், பதிலுக்குக் காத்திராமல் தானே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான்.

காகிதக் கட்டுகளும் துடைப்பங்களும் அடைத்துவைத்த சின்ன அறை. ஒரு பெட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள் ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு முழு வான்கோழி, பிளாஸ்டிக் உறைக்குள் கல்லாக உறைந்து கிடந்தது.

"பதறாதீங்க தம்பி, வெறும் பயிற்சிதானே! நான் வெர்னா, கணக்குப் பிரிவு. உங்களை இங்க பார்த்ததே இல்லையே?"

"இன்னிக்குத்தான் வந்தேன், மேடம்."

"முதல் நாளே இந்தக் கூத்தா? பாவமே!"

"கடைசி நாளும் இதுதான்" என்றான் லீலண்ட்.

வெர்னா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் இருந்த அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பயிற்சி உண்டு. துப்பாக்கியோடு ஒருவன் அலுவலகத்துக்குள் புகுந்துவிட்டால் யார் என்ன செய்வது என்று ஒத்திகை. பழகியவர்களுக்கு அது ஒரு மணி நேர ஓய்வு.

காரிடாரில் திமுதிமுவென்று காலடிச் சத்தம் கேட்டது. லீலண்ட் துடைப்பங்களுக்குப் பின்னால் பதுங்கினான். சத்தம் கதவைத் தாண்டி மாடிப்படிப் பக்கம் போய்த் தேய்ந்தது.

"அவங்க போயிட்டாங்களா?" குரல் கீச்சென்று வந்தது.

"சுட வர்ற பயலுக்கு என்ன மரியாதை, அவங்க இவங்கன்னு! போயிட்டான், போயிட்டான். இந்தாங்க, பாதி சாண்ட்விச் சாப்பிடுங்க. மீன் வெச்சது."

"இறங்காது, மேடம்." அவன் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"தோள்ல என்ன?"

"ஓடி வர்றப்ப... பட்டுடுச்சு."

மாடியில் தொம்மென்று ஏதோ விழுந்தது. தொடர்ந்து கண்ணாடி உடையும் சத்தம். "அங்க இல்லடா!" என்று யாரோ கத்தினார்கள்.

"அது டாரல்" என்றாள் வெர்னா பெருமையாக. "சரக்கு ஏத்துற பிரிவு. மான் வேட்டைக்குப் போறவன். போன வருஷம் வரைக்கும் எங்களுக்கு ரெண்டே விதி. ஓடு, முடியலேன்னா ஒளிஞ்சுக்கோ. சப்புன்னு இருக்கும். 'டிரக்ல என் துப்பாக்கி இருக்கு, எடுத்துட்டு வரட்டா?'ன்னு டாரல் கேட்டுக்கிட்டே இருப்பான். ஆபீசுக்குள்ள ஆயுதமே கூடாதுன்னுட்டாங்க பிரெண்டா. பிரெண்டாதான் எங்க மனிதவள மேனேஜர். கடைசியில அவன் நச்சரிப்பு தாங்காம மூணாவது விதி ஒண்ணு போட்டாங்க. வேற வழியே இல்லேன்னா கையில கிடைச்சதை எடுத்து அடி."

"வேற வழியே இல்லேன்னா! அப்படித்தானே போட்டிருக்கு?" லீலண்ட் ஆவலோடு எட்டிப் பார்த்தான்.

"அந்த வரியை எவன் படிச்சான்? அடின்னு இருக்கில்ல, அது போதும். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்குன்னு ஆளுக்கொரு வான்கோழி இன்னிக்குக் காலையிலதான் குடுத்தாங்க. நாள் பார்த்து வெச்ச மாதிரி அமைஞ்சுபோச்சு."

லீலண்ட் அவள் மடியிலிருந்த வான்கோழியைப் பார்த்தான். "இதால அடிச்சா மண்டை பொளந்துடாதா, மேடம்?"

"அதுக்குத்தானே அடிக்கிறது."

"பயிற்சிதானேன்னு நீங்களே சொன்னீங்க! வந்திருக்கறவன் சும்மா நடிக்கறவன்தானே? அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. பொண்டாட்டி இருப்பா. சாயங்காலம் வரும்போது பண்டிகைக்குப் பூசணிப் பலகாரம் வாங்கிட்டு வான்னு சொல்லி அனுப்பியிருப்பா..."

"இப்படி இளகின மனசா இருந்தா இந்தக் கம்பெனியில எப்படிக் காலம் தள்ளப்போறீங்க?" வெர்னா வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு முட்டி வலி தம்பி, துரத்த முடியல. அதனாலதான் இங்க வந்து உட்கார்ந்துட்டேன். ஆனா ஆசை இல்லாம இல்ல. முப்பத்தோரு வருஷமா கால்குலேட்டரைத் தட்டியே கை ஓஞ்சுபோச்சு. ஒருத்தனையாவது நிஜமா ஒரு சாத்து சாத்தணும்."

"பின்வாசல் எந்தப் பக்கம், மேடம்?"

"டாரல் அங்க ரெண்டு பேரை நிறுத்தியிருக்கான். முன்வாசல்ல நாலு பேரு. அவன் தப்பவே முடியாது." பரிவோடு அவன் முதுகில் தட்டினாள். "பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல? இந்தக் கதவைத் திறந்துக்கிட்டு அவன் வந்தா, என்னைத் தாண்டித்தான் உங்களைத் தொடணும்."

லீலண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல, மேடம்" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. பிரெண்டாவின் குரல் அழுதுவிடும்போல் இருந்தது.

"எல்லாரும் கவனிங்க! பயிற்சியை இத்தோட நிறுத்தறோம். டாரல், மேஜையை விட்டுக் கீழ இறங்கு! துப்பாக்கிக்காரனா நடிக்க வந்த மிஸ்டர் லீலண்ட்... அடையாளத்துக்குக் குடுத்த உங்க ஆரஞ்சு கோட்டும் பொம்மைத் துப்பாக்கியும் பெண்கள் கழிவறையில கிடைச்சிருக்கு. நீங்க எங்க ஒளிஞ்சிருந்தாலும் தயவுசெஞ்சு வெளிய வாங்க. காரிடார்ல இருக்கறவங்க யாரும் உங்களை அடிக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

லீலண்ட் மெல்ல எழுந்து, அசட்டுச் சிரிப்போடு தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினான்.

"காரிடார்ல இருக்கறவங்களைத்தானே சொன்னாங்க, தம்பி?" என்றபடி, முட்டி வலியை மறந்து, வான்கோழியோடு கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள் வெர்னா.