படுக்கையறைப் பாடம்

"இன்னைக்கும் நீதான் டீச்சர். நான் ஸ்டூடன்ட்" என்றபடி ஜெசிந்தா மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சோப்பு போட்டுக் கழுவியும் கையில் வாடை போகவில்லை.

டயானா ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலப் புத்தகத்தில் படுக்கையறைப் பாடத்தைப் பிரித்தாள். பக்கம் முழுக்க ஒரு பெரிய அறையின் படம்.

படத்தில் இருந்த கட்டிலைத் தொட்டாள்.

"பெட்."

"பெட்" என்றாள் ஜெசிந்தா.

பில்லோ, கர்ட்டன் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. வார்ட்ரோப்தான் நாக்கில் மாட்டிக்கொண்டது. டயானா சிரிக்கவில்லை. பொறுமையாகப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த ஹவுசிங் போர்டு வீட்டில் கட்டிலும் இல்லை, அலமாரியும் இல்லை. பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான். எல்லாவற்றையும் படத்தில்தான் தொட்டுக் கற்க வேண்டியிருந்தது.

"பெட்ஷீட்டை மாத்துன்னா எப்படிடி சொல்வாங்க?"

"சேஞ்ச் தி பெட்ஷீட்."

ஜெசிந்தா அதை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நினைவு வந்தவளாக, "டெஸ்ட்ல தப்பில்லாம எழுதணும், இன்னா?" என்றாள்.

"அந்த டெஸ்ட் போன வாரமே முடிஞ்சிடுச்சும்மா. நீ மஸ்கட் போறதுக்குத்தான இத்தப் படிக்கிற?"

ஜெசிந்தா படத்திலிருந்து விரலை எடுத்தாள்.

மஸ்கட்டில் வீட்டு வேலை. விசா வந்துவிட்டது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு மீன் விற்று மட்டும் காலம் தள்ள முடியவில்லை. டயானாவை அக்கா வீட்டில் விடுவதாகப் பேச்சு. இதை மகளிடம் எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாளும் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு யாருடி சொன்னது?"

"தண்ணி புடிக்கசொல்லோ பேசிக்கினாங்க."

அழப்போகிறாள் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். டயானா அழவில்லை. புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"கீழ் வீட்டு சுலோச்சனா அக்காவ போய் கேட்டேன். அதுவும் அங்கதான வேலை செஞ்சிச்சு."

சுலோச்சனா போன வருஷம் வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பியவள். வந்ததிலிருந்து யாரோடும் பேச்சில்லை. ஜெசிந்தா போய்க் கேட்டபோதுகூட வாய் திறக்கவில்லை.

"இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. புக்ல இல்லாத ஒரு வார்த்தை மட்டும் உனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லிச்சு."

டயானா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"லாக். படுக்கசொல்லோ, உள்பக்கமா."

ஜெசிந்தா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்றாள் டயானா.