பாதி எழுதியவனும் முழுதாய் எழுதியவனும்

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தன. ஒவ்வொன்றிலும் எடுத்த படங்களை எழுதி வைக்க இரண்டு ஹார்டு டிஸ்குகள். முதல் பெட்டியில் துடியனும் துரையனும் ஒவ்வொரு படத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து எழுதுவார்கள். அதனால் வேலை சட்டென்று முடிந்துவிடும். அடுத்த பெட்டியில் பெரியப்பு எழுதுவதையே அவன் தம்பி சின்னப்புவும் அப்படியே எழுதுவான்.

"அந்தப் பெட்டி பறக்குது" என்று எடிட்டர் முதல் பெட்டியைக் காட்டிச் சொல்லும்போதெல்லாம் சின்னப்புவுக்கு வயிறு எரியும்.

"அண்ணே, நீ எழுதினதையே நானும் ஏன் எழுதணும்? நாமளும் பாதி பாதியா எழுதினா பேரு கிடைக்குமே."

"எனக்கும் பொறாமையாத்தான் இருக்கு. என்ன செய்ய, நம்மள இப்படித்தான் மாட்டியிருக்காங்க" என்றான் பெரியப்பு.

ஒருநாள் முற்பகலில் துடியன் கரகரவென்று இரைந்து நின்றுபோனான். சின்னப்புவுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் துரையனிடம் மிஞ்சியிருந்த பாதிகளில் ஒரு படமும் திறக்கவில்லை. எடிட்டர் மணப்பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு, கல்யாணப் படம் போய்விட்டதென்று மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் நாள் பெரியப்புவும் நின்றுபோனான். வேலை நிற்கவில்லை, கேட்ட படத்தையெல்லாம் சின்னப்பு ஒருவனே எடுத்துக் கொடுத்தான்.

"உன் அண்ணன் எழுதின அத்தனையும் உன்கிட்ட இருக்கு. என் துடியன் எழுதினதுல எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றான் துரையன்.

அந்தக் குரலில் இருந்த எரிச்சலைச் சின்னப்பு உடனே அடையாளம் கண்டுகொண்டான். இத்தனை நாள் அது அவனிடம் இருந்ததுதான்.