பிரெஸ்டனுக்கு ஒரு சிபாரிசு

"அவன் கண்ணுக்குத் தப்பி ஒருத்தன் போக முடியாதுங்க. பையன் பந்தைத் தட்டுற சத்தத்தை வச்சே ஆளை எடை போட்டுடுவான்!"

காபிக் கோப்பையோடு வந்த வில்மா கெஸ்லர் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே போனில் அப்படிக் குழைந்துகொண்டிருந்தவன் ரஸ் டாலிவர், அவள் முதலாளியாக இருக்கும் ஓமஹா கூடைப்பந்து அணியின் மேலாளர். அவன் புகழ்ந்தது பிரெஸ்டனை. பிரெஸ்டன் வில்மாவின் அக்கா மகன், புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் உதவி மேலாளர்.

நாலு வருஷத்தில் ரஸ் அந்தப் பையனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்?

"சரிங்க, பிட்ஸ்பர்க்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று ரஸ் போனை வைத்தான்.

பிட்ஸ்பர்க்கா! போன வாரம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்வலம் போன அணி. அவர்களிடம் இவனுக்கு என்ன பேச்சு?

வில்மா சத்தம் காட்டாமல் திரும்பி நடந்தாள். வழியில் பிரெஸ்டனின் அறையை எட்டிப் பார்த்தாள். மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது, அவன் ஆசையாக வளர்த்த மீன் தொட்டியைக்கூடக் காணோம். நேற்று வண்டி நிறுத்தும் இடத்தில் ரஸ் அவன் தோளில் கைபோட்டு நடந்ததும் அவள் நினைவுக்கு வந்தது. தன் முதுகுக்குப் பின்னால் என்னமோ நடக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

கால் மணி நேரத்தில் ரஸ் ஒரு காகிதத்தோடு அவள் அறைக்கு வந்தான்.

"மேடம், சாயங்காலம் டிராஃப்ட். மூணு மணிக்குள்ள இதுல ஒரு கையெழுத்து வேணும்."

டிராஃப்ட் என்றால் முப்பது அணிகளும் முறை வைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் நாள். இந்த வருஷம் ஓமஹாவுக்கு நாலாவது முறை. அதை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். பதிலுக்கு, நாலு வருஷம் கழித்து பிட்ஸ்பர்க்குக்கு எந்த முறை வருகிறதோ அது ஓமஹாவுக்காம்.

"ரஸ், எனக்கு வயசாச்சு, புத்தி மழுங்கல. தோத்துக் கடைசியில நிக்கிறவனுக்கு முதல் முறை. கோப்பை வாங்கினவனுக்குக் கடைசி முறை. நாலாவதைக் குடுத்துட்டு முப்பதாவதை வாங்கிட்டு வரச் சொல்றியா?"

"இன்னிக்குப் பார்த்தா அப்படித்தான் மேடம் தெரியும்."

"பத்து வருஷமா தோத்துக்கிட்டே இருக்கோம். பாதி சீட்டு காலி. இதையும் விட்டோம்னா டிக்கெட் வாங்குறவன் என் மூஞ்சியிலே துப்புவான்!"

"இந்த வருஷப் பசங்க எல்லாம் சப்பை மேடம். நாலாவதா வர்றவன் பெஞ்ச் தேய்க்கத்தான் லாயக்கு."

"பிரெஸ்டன் அப்படிச் சொல்லலையே! கான்சாஸ் பையன் ஒருத்தன் இருக்கான், ரத்தினம்னு சொன்னானே?"

"பிட்ஸ்பர்க்கும் அந்த ரத்தினத்தைத்தான் மேடம் கேக்குது."

பார்த்தாயா, ஜெயித்தவனுக்கே அந்தப் பையன் வேண்டியிருக்கிறது! பிரெஸ்டனுக்கு நேரம்தான் சரியில்லை என்று வில்மா நினைத்துக்கொண்டாள். அவன் சொல்லி எடுத்த முதல் பையனுக்கு முட்டி போயிற்று. இரண்டாவது பையன் அம்மாவைப் பார்க்கணும் என்று மொன்டானாவுக்கு ஓடியவன் திரும்பவே இல்லை. மூன்றாவதாக எடுத்த ஏழடி ஆள், இதோ, கண்ணாடிச் சுவருக்குக் கீழே பயிற்சிக் கூடத்தில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான்.

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்குற கடிதம். தேதி மட்டும்தான் போடணும். இப்பச் சொல்லு, பிரெஸ்டன் எங்கே?"

ரஸ் கடிதத்தைப் பார்த்தான். அவனுடைய இருபத்திரண்டு வருஷ வேலை அந்தக் காகிதத்தில் கிடந்தது.

"பிட்ஸ்பர்க் போயிட்டான் மேடம். இன்னியிலேர்ந்து அங்கே அவன்தான் மேலாளர். அஞ்சு வருஷ ஒப்பந்தம்."

வில்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அடப்பாவி! எங்க வீட்டுப் பையனை எதிரிகிட்டத் தள்ளிட்டு, கூடவே நம்ம நாலாவது முறையையும் சீர் மாதிரி குடுத்தனுப்புறியா? உன்னை எப்படி நம்பினேன் நான்!"

"அவனேதான் ஆசைப்பட்டான் மேடம். சித்திகிட்ட சொல்லக் கூச்சமா இருக்குன்னான். நான் சிபாரிசு மட்டும்தான் பண்ணேன்."

"அதான் கேக்குறேன், ஏன் பண்ணே?"

ரஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றினான்.

"இனி அஞ்சு வருஷம் அங்கே ஆள் பொறுக்கப் போறது பிரெஸ்டன். இதுக்கு மேல உங்க அக்கா பையனைப் பத்தி என் வாயால எதுவும் சொல்ல மாட்டேன் மேடம்."

அந்த நேரம் பார்த்துக் கீழே ஏழடி ஆள் பந்தை எறிந்தான். அது வளையத்தைத் தொடாமல் பலகைக்கு மேலே பறந்துபோய், தரை துடைக்கிறவரின் வாளியில் தொப்பென்று விழுந்தது.

வில்மா அந்த வாளியைப் பார்த்தாள், பிரெஸ்டன் பொறுக்கிய மூன்று பேரையும் ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினாள். பிறகு உட்கார்ந்தாள். வேலைநீக்கக் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் முள்ளை வைத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"அஞ்சாவது வருஷத்து முறையையும் சேர்த்துக் கேளு, ரஸ்!"