கடல் பக்கம்

கோலில் நின்ற இவன் கையுறையின் வாரைப் பல்லால் கடித்து இறுக்கினான்.

எதிரே பெனால்டி அடிக்கப் பந்தை வைத்துக்கொண்டிருப்பவன் சஜின். இருவரும் ஒரே கடற்கரைத் தெருவில் பிறந்தவர்கள். இன்று வேறு வேறு கல்லூரி.

ஆட்டம் முடியப்போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. இது உள்ளே போனால் கோப்பை அவர்களுக்கு.

இந்த சீசன் முழுக்க இவன் காத்த வலையைப் பந்து தொட்டதில்லை. நாகர்கோவில் பேப்பரில் படம்கூட வந்தது. அம்மா அதை வெட்டி மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள்.

சஜினின் கல்லூரிக்கு ஆரம்பமே அடி மேல் அடி.

பிறகு அந்தப் புயல். சஜினின் அண்ணன் ஆன்றோ மீன்பிடிக்கப் போன வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

டீமைக் கலைத்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு சஜின் வந்து நின்றான். அதன்பிறகு அவர்கள் தோற்கவில்லை. தட்டுத்தடுமாறி ஃபைனல்வரை வந்துவிட்டார்கள்.

துக்கம் கேட்க இவன் சஜின் வீட்டுக்குப் போகவில்லை. கேம்ப் இருந்தது என்று சொல்லிக்கொண்டான்.

போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதுதான் உண்மை.

சஜின் நிமிர்ந்து பார்த்தான். இவன் பார்வையை அவனுடைய பூட்ஸுக்கு இறக்கினான்.

சின்ன வயதில் ஊர் மணலில் அவர்களுக்கு கோல் போஸ்ட் இரண்டு செருப்புகள். கோலியாக நிற்கும் இவனுக்கு வலது கைப்பக்கம் கடல். பந்து கடலுக்குள் போனால் அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும். அது அங்கே சட்டம்.

சஜினுக்கு அலை என்றால் நடுக்கம். ஒவ்வொரு முறையும் ஆன்றோதான் வாய் நிறையத் திட்டிக்கொண்டே நீந்திப் போய் எடுத்து வருவான்.

அண்ணனைப் படுத்த வேண்டாம் என்று சஜின் கடல் பக்கம் அடிப்பதையே விட்டுவிட்டான். காலுக்கு அதுவே பழகிவிட்டது. எந்த மைதானத்திலும் அவன் பெனால்டி கரைப் பக்கம், கோலியின் இடது கைப்பக்கம்தான் போகும்.

இது இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

விசில்.

இவன் இடது பக்கம் பாய்ந்தான். முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்தான்.

பந்து வலது பக்கம் போனது. அவசரமில்லாமல் உருண்டு போனது.

மைதானம் அதிர்ந்தது. நீலச் சட்டைகள் சஜினைத் தேடி ஓடி வந்தன. அவன் அவர்களை விலக்கிக்கொண்டு வலையை நோக்கி நடந்தான்.

இவன் முழங்காலில் எழுந்தான்.

"விடு மக்கா. பந்த நான் எடுக்கேன்."

சஜின் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"இனி நான்தானே மக்கா எடுக்கணும்."

குனிந்து பந்தை எடுத்தான். நிமிரவில்லை.

இவன் வாரைப் பல்லால் இழுத்துப் பிரித்தான். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையை அவன் முதுகில் வைத்தான்.